ஒரே தண்ணீருக்கு எதற்கு இரண்டு கோப்பு?

நகராட்சி, ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வெள்ளத் தடுப்புக்கு ஒரு கோப்பு, குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு இன்னொரு கோப்பு என்று வைத்திருக்கிறீர்கள். முதல் கோப்பு ஐப்பசியில் திறக்கிறது, அடுத்தது சித்திரையில். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தவர் எத்தனை பேர்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. நாலே வருடத்தில், 2019 கோடையில், அதே நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதாவது மூன்றரை கால்பந்து மைதானத்தில் விழும் 10 செ.மீ. மழை! விழுவதை எல்லாம் பிடித்துவிட முடியாதுதான். ஆவியாவதும் ஓடுவதும் போகத்தான் மிஞ்சும். பாதி மிஞ்சினாலும் ஏழு மைதானம் போதுமே.

மழைநீர் வடிகாலுக்கு டெண்டர் விடும்போது எத்தனை மீட்டர், என்ன அகலம் என்று விசாரிக்கிறீர்கள். அது எந்தக் குளத்தில் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. சரி, கட்டி முடித்ததையாவது மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், தண்ணீர் இறங்க வேண்டிய துளை பாதி மூடிக் கிடக்கும். தூர்வாரிய சேறு பக்கத்திலேயே குவிந்திருக்கும். அடுத்த மழை அதைப் பத்திரமாக உள்ளே சேர்த்துவிடும். பில் மட்டும் பாஸாகியிருக்கும்.

2011 ஜூலையில் ஒரே மாலை மழையில் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் தத்தளித்தது. மறு வருடமே அந்த மாநகராட்சி ஒரு திட்டம் போட்டது: பெருமழையின்போது பூங்காக்களும் சில தெருக்களும் தண்ணீரைத் தாங்கி வைத்து மெல்ல விட வேண்டும். நமக்கு இது புதுசா என்ன? ஓர் ஏரி நிறைந்தால், மிஞ்சிய தண்ணீர் வழிவதற்கென்று கட்டிய கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும் ஏற்பாடு நம்மிடம் இருந்ததுதானே. இடையில் இருந்த கால்வாய் மனைப்பிரிவானது எந்தக் கூட்டத்தில் என்று உங்கள் தீர்மானப் புத்தகத்தில் தேடினால் கிடைக்கும்.

ஆகவே, மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு யார் வந்தாலும் முதலில் கிராம வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். தூர்வாரும் வேலையைக் கோடையிலேயே முடியுங்கள். கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து, வடிகால் கோப்பிலேயே எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் வடிகாலும் குடிநீரும் ஒரே பொருளாக வரட்டும்.

இப்படிக்கு,
வெள்ளத்தில் நின்றும் குடத்தோடு வரிசையில் நின்றும் பழகிய ஒருவன்