புகார் கொடுத்தவர் பெயர் தபால் பிரிவிலேயே கசிகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ‘பெண்கள் துணிந்து புகார் கொடுக்க வேண்டும்’ என்கிறார்கள். கொடுத்தவரின் பெயர் அன்று மாலைக்குள் கேன்டீன் வரை போய்விடுகிறதே, அதற்கு என்ன வழி?

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு வந்த உறையைத் தபால் பிரிவில் பிரித்து, பதிவேட்டில் அனுப்புநர் பெயரையும் ‘பொருள்’ பத்தியில் விஷயத்தையும் எழுதி, எண் போட்டுத்தான் மேலே அனுப்பினார்கள். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாத் தபாலுக்கும் அதுதான் நடைமுறை. ஆனால் அந்தப் பதிவேடு மேசைமேல் திறந்தே கிடக்கும். அப்புறம், சாட்சி சொல்ல வேண்டியவரின் இருக்கைக்கே அலுவலக உதவியாளர் வந்து, ‘கமிட்டியில கூப்பிடுறாங்க மேடம்’ என்றார், அத்தனை பேர் முன்னால். அதைப் பார்த்த இன்னொரு சாட்சி, தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் யாருடைய அடையாளமும் வெளியே போகக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் தரக் கூடாது. புகாருக்கு உள்ளானவருக்கும் பாதுகாப்பு இருப்பது மிகவும் சரி. விசாரணை முடியும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. புகாரின் பிரதி 7 வேலை நாளுக்குள் அவருக்குப் போயாக வேண்டும், அதுவும் நியாயம். விஷயம் அவரோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மீறினால், பணி விதிகள் இல்லாத இடத்தில் 5,000 ரூபாய் அபராதம். ஒரு பெண்ணை வேலையை விட்டே போக வைக்கக்கூடிய செயலுக்கு இது போதவே போதாது.

குழுவுக்கு வரும் உறையைத் தலைவர் மட்டுமே பிரிக்கட்டும். பதிவேட்டில் பெயர் வேண்டாம், எண் போதும். சாட்சியைப் போனில் அழைக்கலாம். புகாரை ஆறு பிரதிகளாகக் கேட்கிறது விதி. அதற்காக அந்தப் பெண் அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நிற்க வேண்டுமா? ஒன்றை வாங்கிக்கொண்டு மீதியைக் குழுவே எடுத்துக்கொள்ளலாம்.

மாவட்ட அலுவலருக்குப் போகும் ஆண்டறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று இருக்கிறது. கோப்பு எந்த அலமாரியில், யார் சாவியில் இருக்கிறது என்றும் இனி கேட்க வேண்டும்.

– ஒரு வாசகி, திருச்சி