ஜோன் கியூனியோவுக்கு நீங்கள் தர வேண்டிய ஒரு கடிதம்

அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பழைய கார் பந்தயக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவன் நான். 1909 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒரு 50 மைல் பந்தயம் மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. முதலில் வந்தவர் ரால்ஃப் டி பால்மா. நாக்ஸ் காரில் இரண்டாவதாக வந்தவர் ஜோன் நியூட்டன் கியூனியோ என்ற பெண். அந்த ஆண்டே, உங்கள் அங்கீகாரம் பெற்ற பந்தயங்களில் பெண்கள் ஓட்டக் கூடாது என்று தடை போட்டீர்கள்.

அவருடைய திறமை உங்களுக்குத் தெரியாததல்ல. கிளிடன் டூர் என்ற நெடுந்தூரக் கார் பயணப் போட்டியை 1905இல் உங்கள் சங்கம் நடத்தியது. அதில் கார் ஓட்டிய ஒரே பெண் அவர். ஒரு பாலத்தில், முன்னால் இருந்த கார்மேல் மோதாமல் திருப்பப் போய், அவருடைய நீராவிக் கார் ஓடையில் விழுந்தது. அதை மேலே ஏற்றி, மறுபடி ஓட்டிக்கொண்டு போனார். 1908 டூரில் ஒரு புள்ளிகூட இழக்கவில்லை.

டி பால்மாவின் கதையைப் பாருங்கள். 1912இல் இண்டியானாபொலிஸ் 500 என்ற 500 மைல் பந்தயத்தில், மொத்தம் 200 சுற்றில் 196 சுற்று அவர்தான் முன்னால். கடைசியில் எஞ்சின் உடைந்தது. மெக்கானிக்கும் அவருமாகக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அவருக்கு அடுத்த பந்தயம் என்று ஒன்று இருந்தது. 1915இல் அதே இடத்தில் ஜெயித்தார். 1919இல் டேடோனா கடற்கரையில் மணிக்கு 149.875 மைல் வேகம் தொட்டார்.

கியூனியோவுக்கு அந்த அடுத்த பந்தயத்தை நீங்கள் தரவில்லை. 1911இல் லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வேயில் மணிக்கு 111.5 மைல் வேகத்தில் ஓட்டினார். கடிகாரம்தான் எதிரி, பக்கத்தில் போட்டிக்கு ஒரு கார் கிடையாது. 1934இல் இறந்துபோனார். இண்டியானாபொலிஸ் 500இல் ஜேனட் கத்ரி என்ற முதல் பெண் ஓட 1977 வரை ஆனது.

1955லேயே நீங்கள் பந்தயங்களை விட்டு விலகிவிட்டீர்கள், சரி. தடை போட்ட சங்கம் உங்களுடையதுதானே? 1909இல் போட்ட தடை தவறு என்று, ஜோன் நியூட்டன் கியூனியோவின் பெயரைக் குறிப்பிட்டு, உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் வெளியிடுங்கள். அதில் நியூ ஆர்லியன்ஸ் பந்தயத்தில் அவர் பெற்ற இடத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு பந்தய ரசிகன்