அம்மா பெயரில் கொடுப்பது பற்றி

அரூர்,
தை மாதக் கடைசி.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. அம்மா போய் ஓராண்டு ஆகப் போகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கும் கணக்கு உறைத்தது. நேற்றுப் போல இருக்கிறது. சந்தை நாளில் உங்கள் வீட்டுத் திண்ணை நிறைய மலைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? புளி, கடுக்காய், சீத்தாப்பழம், சில நாள் தேன். ஊரெல்லாம் அவர்களிடம் எடையில் அடித்த காலத்தில், அம்மா தராசை அவர்கள் கையிலேயே கொடுத்து, "நீயே நிறுத்துச் சொல்லும்மா" என்பார். அப்புறம் பஸ் வரும் வரைக்கும் உட்கார வைத்துக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போடுவார். நானும் அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி இருக்கிறது, படியேறுவதைக் குறைத்துக்கொண்டேன். பெரியவள் ஓசூரிலேயே வேலையில் தொடர்கிறாள். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

அம்மா நினைவாக நீயும் தங்கையும் ஒரு தொகை ஒதுக்கியிருப்பதாகவும், மலைப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வாங்கித் தரலாமா, பள்ளிக்கு ஒரு அறை கட்டலாமா என்றும் எழுதியிருந்தாய். முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பை வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு, பை எல்லாம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. பிளஸ் ஒன் போனால் சைக்கிள். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1000 ரூபாய் வங்கியில் விழுகிறது. இவ்வளவும் இருந்தும் மலைப் பிள்ளை ஏன் பத்தாவதோடு நின்றுவிடுகிறது? அங்கேதான் உன் பணம் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதை யோசித்துக்கொண்டேதான் பொங்கல் கழிந்ததும் சிட்டிலிங்கிக்குப் போய் வந்தேன். பஸ்காரர்கள் இன்னும் 'சிட்லிங்' என்றுதான் கூவுகிறார்கள். கோட்டப்பட்டி தாண்டியதும் ஒரு பக்கம் கல்வராயன், ஒரு பக்கம் சித்தேரி மலை, நடுவில் அந்தப் பள்ளத்தாக்கு. மஞ்சள் வெட்டும் காலம். கொப்பரையில் மஞ்சள் வேகிற வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது.

ஒன்றை உன் பிள்ளைகளுக்கு விளக்கிவிடு. அங்கே இருப்பவர்கள் மலையாளிகள் என்று சொன்னால் பெங்களூரில் வளர்ந்தவர்கள் கேரளத்துக்காரர் என்று எண்ணிக்கொள்வார்கள். இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பக்கத்திலேயே லம்பாடிகளின் குடியிருப்புகளான தாண்டாக்களும் உண்டு.

1992 ஜூன் மாதம் உனக்கு மறந்திருக்காது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊரையே சூறையாடின. 18 பெண்களுக்கு நேர்ந்ததை எழுதக் கை வரவில்லை. அந்த மூன்று துறைகளையும் சேர்ந்த 269 பேர் மேல் வழக்கு. தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல் வந்தபோது அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம்! அந்தப் பெண்கள் அத்தனை வருடமும் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அதற்கு அடுத்த வருடம், 1993இல்தான், ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற இரண்டு இளம் டாக்டர்கள் சிட்டிலிங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். வெளியாள் வந்தாலே மலைச்சனம் கதவைச் சாத்திக்கொள்கிற காலம். ஊர்க்காரர்களே கூடச் சேர்ந்து கட்டிய ஒரு மண் குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. அப்போது அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால் அரூருக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவு தூக்கிக்கொண்டு வர வேண்டும், அறுவை சிகிச்சை என்றால் நூறைத் தாண்டிப் போக வேண்டும். பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அது பிற்பாடு 20 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்று நீ செய்தித்தாளில் பார்த்திருக்கலாம், அவர்கள்தான்.

குறைந்தது எப்படி என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து நர்ஸ்களைக் கொண்டுவரவில்லை. மலைப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது, அறுவை சிகிச்சைக்குக் கூட நிற்பது எல்லாம் அவர்கள் கையில். ஊர்தோறும் நடுவயதுப் பெண்கள் சிலருக்கு வேறொரு பயிற்சி, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் பார்க்க. உள்ளூர்க்காரி பழகிய பேச்சில் சொன்னால்தான் மாமியார் கேட்பாள், டாக்டர் சொல்லியா கேட்பாள்?

பத்து வருடம் போல ஆன பிறகு இரண்டு டாக்டர்களும் ஊர் ஊராக நடந்து, "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விக்குச் சனங்கள் சொன்னது விவசாயக் கடனைப் பற்றி. உரம், மருந்து என்று கடன் வாங்கிப் போட்டு, விளைந்ததை வியாபாரி சொன்ன விலைக்கு விட்டுவிட்டு, திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்கு ஓடுவதைப் பற்றி. அதிலிருந்து வந்ததுதான் இயற்கை விவசாயிகள் சங்கம். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு தொடங்கி இன்று சில நூறு பேர் இருக்கிறார்கள். இயற்கைச் சான்று கிடைக்கச் சில வருடம் ரசாயனம் தொடாமல் நிலத்தை வைத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் விளைச்சல் குறையும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஒருவர் தனியாக அதைத் தாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் தாங்கலாம். மஞ்சளைப் பச்சையாக விற்காமல் வேகவைத்து, காயவைத்து, பொடியாக்கி விற்கிறார்கள். சாமையும் ராகியும் திரும்ப வந்திருக்கின்றன. சாமையைக் குத்துவது எவ்வளவு பாடு என்று நம் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். அதற்கு இயந்திரம் இல்லாததாலேயே பல வீட்டில் சாமையை விட்டு ரேஷன் அரிசிக்கு மாறினார்கள்.

லம்பாடிப் பெண்களின் தையல் வேலையை நீ பார்க்க வேண்டும். இரண்டு தலைமுறையாகக் கைவிட்டுப் போன வேலை. வயதான சில பெண்கள் கையில் மட்டும் மிஞ்சியிருந்தது. அவர்களிடமிருந்து இளம் பெண்கள் கற்றுக்கொண்டு, இப்போது ஐம்பது அறுபது பேர் அதில் சம்பாதிக்கிறார்கள். 'போர்கை' என்று பெயர். அவர்கள் மொழியில் பெருமை என்று அர்த்தமாம். தாண்டாவை விட்டு வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போகாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து தைக்கிறார்கள். நான் வாத்தியாராக இருந்தபோது இந்த ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருந்தால்! பிள்ளை பள்ளிக்கு வர வேண்டுமானால் தாய் ஊரில் இருக்க வேண்டும். கார்த்திகை மாதம் தாய் தகப்பன் மூட்டை கட்டினால் பிள்ளையும் பின்னாலேயே போகும். நான் வருகைப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதுவேன், பிறகு பெயரை அடிப்பேன். அந்தச் சிவப்புக் கோடு எத்தனை முறை போட்டிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

ஒரு பையனைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. மலையடிவாரத்துப் பள்ளியில் என்னிடம் படித்தவன். பத்தாவதில் கணக்கிலும் இங்கிலீஷிலும் போய்விட்டது. மறுபடி எழுது என்று சொன்னேன், அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். சில வருடம் கழித்து அரூர் பஸ் நிலையத்தில் ஏழெட்டு ஆட்களோடு அவனைப் பார்த்தேன். ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போகிறோம் சார், மேஸ்திரி முன்பணம் கொடுத்திருக்கிறார் என்றான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது, பேப்பரில் வந்த பெயர்ப் பட்டியலை விரல் வைத்துப் படித்தேன். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள், பலர் மலைக்காரர்கள். அவன் பெயர் இல்லை. ஆனாலும் அன்று இரவு தூங்கவில்லை. அந்த இருபது பேரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வாத்தியார் பெயரை அடித்த பிள்ளைகள்தானே.

அதனால்தான் 'துளிர்' மையத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அனுராதா, கிருஷ்ணா என்ற கட்டடக் கலைஞர்கள் இருவர் இருபது வருடத்துக்கு முன்னால் சிட்டிலிங்கிக்கு வந்து ஆரம்பித்த கல்வி மையம். மாலையில் பிள்ளைகள் வந்து படிக்கவும், கையால் எதையாவது செய்து பார்க்கவும் ஓர் இடம். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கு என்றே தனிப் பயிற்சி. மின்சாரம், குழாய் வேலை, கட்டட வேலை, தையல், விவசாயம். கூடவே விட்டுப்போன தேர்வையும் எழுத வைக்கிறார்கள். பிற்பாடு தொடக்கப் பள்ளியும் வந்தது. நான் 'மறுபடி எழுது' என்று சொல்லிவிட்டு வந்த இடத்தில், இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீ எழுதியதில் ஒரு வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. 'அவர்களை நாம் முன்னேற்ற வேண்டும்' என்று எழுதியிருந்தாய். அம்மா தராசை அவர்கள் கையில் கொடுத்தாரே, அதை நினைத்துப் பார்.

பணத்தைப் பற்றி எனக்குத் தோன்றுவது இது. கல்வெட்டு வைத்த அறை வேண்டாம். அறை கட்டிய பிறகு அதில் யார் உட்கார்ந்து சொல்லித் தருவது? உள்ளூரிலேயே பிளஸ் டூவோ கல்லூரியோ முடித்துவிட்டு, வேலைக்குத் திருப்பூர் போவதா, இங்கேயே இருப்பதா என்று நிற்கிற ஒரு பெண்ணின் சம்பளத்தை இரண்டு மூன்று வருடம் ஏற்றுக்கொள்ளுங்கள். மாலை வகுப்பு எடுக்கட்டும். இல்லையென்றால் தொழில் கற்க வருகிற பையனின் மாத உதவித்தொகை. கற்றுக்கொள்கிற காலத்தில் அவன் வீட்டுக்கு அரிசி போக வேண்டும், இல்லாவிட்டால் மேஸ்திரியின் முன்பணம்தான் ஜெயிக்கும். சம்பளம் கொடுக்க நன்கொடையாளர் கிடைப்பது அருமை என்று இந்த மாதிரி அமைப்பு நடத்துகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். போட்டோ எடுக்க எதுவும் இருக்காது, அதனால்.

இன்னொன்றும் உண்டு, யாரும் யோசிக்காதது: சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அதற்காகக் கூலியை விட்டுவிட்டு எத்தனை நடை! அது இல்லாமல் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. விண்ணப்பம் எழுதி, கூடவே பஸ் ஏறி, கையில் வாங்கும் வரை விடாத ஓர் ஆள் இருந்தால் வருடத்துக்கு எத்தனை பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிப்பார்கள்.

சிட்டிலிங்கிதான் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஜவ்வாது மலை, கல்வராயன், எங்கே கொடுத்தாலும் அம்மாவுக்குச் சம்மதம்தான். ஆனால் காசோலையை அனுப்பிவிட்டு ரசீதுக்குக் காத்திருக்காதே. நீயும் தங்கையும் ஒரு நாள் நேரில் போய், உங்களுக்கு எது குறைகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். வேறு எதையாவது சொன்னால் நான் மேலே எழுதியதைக் கிழித்துப் போடு.

மாசி பிறந்ததும் வா. மஞ்சள் வேலை அப்போதும் நடக்கும். முந்தின நாள் இரவே அரூர் வந்துவிடு, நம் வீட்டிலேயே தங்கலாம், காலை பஸ்ஸில் நானும் கூட வருகிறேன். அம்மாவின் அந்தப் பழைய தராசு உன்னிடம்தான் இருக்கிறதா, தங்கையிடமா? இருந்தால் எடுத்து வா, ஒரு முறை பார்க்க வேண்டும். அவரைக்கொட்டை இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் கிடைக்கும், அதற்குள் வந்தால் களி கிண்டச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் வாத்தியார்