சிவப்பு எழுத்தை விடு, லாக்புக்கைப் பார்

அன்பு மகளுக்கு,

சூப்பர்மார்க்கெட் பார்க்கிங் சார்ஜ் பற்றி வந்த கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய், இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். மேலே சிவப்பில் "இறுதி அறிவிப்பு", நடுவில் 170 பவுண்ட், அடியில் "உங்கள் கிரெடிட் ரேட்டிங் பாதிக்கப்படலாம்" என்று ஒரு வரி. மோர்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்த வரி உன் நித்திரையைக் கெடுத்ததில் ஆச்சரியமில்லை. கெடுக்கத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அதில் உள்ள "படலாம்" என்ற சொல்லைக் கவனி. தனியார் பார்க்கிங் சார்ஜைக் கட்டாமல் விட்டதற்காக மட்டும் உன் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட ஏறாது. கடனட்டை, போன் கணக்கு எல்லாம் வேறு. அவற்றை எடுக்கும்போதே, நீ மாதாமாதம் கட்டுகிறாயா என்பதை எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களுக்கும் சொல்வார்கள் என்று ஒப்புக்கொள்கிறாய். சூப்பர்மார்க்கெட் வாசலில் கார் விட்டதில் அப்படி ஒரு கடன் கணக்கு இல்லை. இந்தக் கடிதம் எழுதிய டெட் கலெக்டருக்கும், அதாவது கம்பனிக்காகக் கடன் வசூலிப்பவருக்கும், அந்த அதிகாரம் இல்லை. அவர் வீட்டுக்கு வந்து பொருளைக் கைப்பற்றக்கூடிய பெய்லிஃப் அல்ல. எழுதலாம், போன் பண்ணலாம், அவ்வளவுதான். முதல் சார்ஜ் 100 பவுண்ட், மிச்ச 70 அவர்கள் ஏற்றியது.

பாதிப்பு வருவது நீதிமன்றத்தின் வழியாக. கம்பனி கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு உனக்கு எதிராக விழுந்து, அந்தக் காசும் ஒரு மாதத்துக்குள் கட்டப்படாவிட்டால், அதுதான் எல்லோரும் பயப்படும் சிசிஜே, கவுண்டி கோர்ட் தீர்ப்பு. ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட் வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில் அது 6 வருடம் நிற்கும். மூன்று கிரெடிட் நிறுவனங்களும் அங்கிருந்துதான் எடுக்கின்றன. தீர்ப்புத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுக் காசையும் கட்டினால் பதிவு அடியோடு நீங்கும். பிந்திக் கட்டினால் "கட்டி முடிந்தது" என்று குறிப்பார்கள், ஆனால் பதிவு 6 வருடமும் இருக்கும். மோர்ட்கேஜ் கொடுப்பவர் கண்ணில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதில் சிக்குபவர்களில் பலர் வழக்காடித் தோற்றவர்கள் அல்ல. வழக்கு நடந்ததே தெரியாதவர்கள். பதில் வராவிட்டால் எந்த நீதிபதியும் உன் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு பதியப்படும். பதில் ஏன் வராது? கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். பார்க்கிங் கம்பனி, வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு நிறுவனமான டிவிஎல்ஏக்கு 2.50 பவுண்ட் கட்டி உன் விலாசத்தை வாங்குகிறது. அது வருவது லாக்புக்கிலிருந்து, அதாவது வி5சி என்ற கார்ப் பதிவுப் பத்திரத்திலிருந்து. வீடு மாறும்போது எல்லோரும் லைசென்ஸில் விலாசத்தை மாற்றிவிட்டு, இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுவார்கள். அவை தனித்தனி. லாக்புக்கில் உள்ள 11 இலக்க எண்ணை வைத்து இணையத்திலேயே மாற்றலாம், காசு இல்லை. மாற்றாமல் விட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

நீ இப்போது லாக்புக்கை மாற்றினாலும் இந்தச் சார்ஜுக்கு அது போதாது. கம்பனி பழைய விலாசத்தை ஏற்கெனவே எடுத்திருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் திரும்பப் போய்ப் பார்க்காது. ஆகவே பார்க்கிங் கம்பனியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு நீயே மின்னஞ்சல் போடு: சார்ஜ் எண், கார் எண், "இதுதான் என் விலாசம், பழையதை அழித்துவிடுங்கள், இனி எல்லாக் கடிதமும் இங்கே" என்று. டெட் கலெக்டருக்கும் ஒரு பிரதி. கார் ஓட்டியது யார் என்று அதில் எழுதாதே. பதிவு உரிமையாளர் என்ற அளவில் மட்டும் எழுது. கமரா பிடித்த சார்ஜ் என்றால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் உரிமையாளரின் கைக்கு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். பிந்தினால் அந்தச் சட்டத்தைக் காட்டி உரிமையாளர் தலையில் கட்ட முடியாது. ஓட்டியவர் யார் என்று நீயே எழுதிக்கொடுத்தால் அந்த வாதம் போய்விடும். (க்ளாஸ்கோவில் இருக்கும் அண்ணனுக்கு இதை அப்படியே அனுப்பாதே. அந்தச் சட்டத்தின் இந்தப் பகுதி ஸ்கொட்லாந்துக்குப் பொருந்தாது.)

அடுத்து வரக்கூடியது வழக்குக்கு முந்திய கடிதம். பதில் சொல்ல 30 நாள் தருவார்கள். அதோடு வரும் படிவத்தில் கடன் இல்லை என்று மறுத்து, விலாசத்தைத் திரும்பவும் எழுது. அதற்குப் பிறகு நோர்தம்ப்டனிலிருந்து கோர்ட் முத்திரையோடு ஒரு படிவம் வந்தால் அதுதான் உண்மையான வழக்கு. 170இன் மேல் கோர்ட் கட்டணம் 35, வழக்கறிஞர் செலவு 50, ஆக 255 பவுண்ட், வட்டி வேறு. அதில் போட்டிருக்கும் திகதியிலிருந்து ஐந்தாம் நாள் உன் கைக்கு வந்ததாகக் கணக்கு. மார்ச் 1 என்று இருந்தால் மார்ச் 6. அதிலிருந்து 14 நாளுக்குள், மார்ச் 20க்கு முன், "கிடைத்தது, முழுவதையும் எதிர்க்கிறேன்" என்று படிவத்தில் உள்ள எண்ணையும் கடவுச்சொல்லையும் வைத்து இணையத்தில் தெரிவி. அப்படிச் செய்தால் எதிர்வாதம் எழுத ஏப்ரல் 3 வரை நேரம் கிடைக்கும். அன்றைக்கு எதிர்வாதப் பெட்டியில் அவசரப்பட்டு ஒரு வரியும் எழுதிவிடாதே, அதையே உன் முழு வாதமாக எடுத்துக்கொள்வார்கள்.

கல்யாண வீட்டில் மாமாமார் "தனியார் டிக்கெட் தானே, கிழித்துப் போடு" என்பார்கள். அது பழைய கதை. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணிநேரம் இலவசமான இடத்தில் 56 நிமிடம் கூட நின்றதற்குப் போட்ட 85 பவுண்ட் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உண்மையிலேயே நேரம் தாண்டி நின்றிருந்து, பலகையும் தெளிவாக இருந்தால், 14 நாளுக்குள் வழக்கமாக 60க்குக் குறைத்துத் தரும்போதே கட்டிவிடுவதுதான் என் புத்தி. உனக்கு அந்த நாள் கடந்துவிட்டது. இனி எதிர்ப்பதென்றால் ஒழுங்காக எதிர்.

தனியார் டிக்கெட்டைப் போலவே கவுன்சில் போடும் டிக்கெட்டையும் சுருக்கமாகப் பிசிஎன் என்றே சொல்வார்கள். அது இந்தப் பதிவேட்டில் ஏறாது. ஆனால் அதற்கு உண்மையான பெய்லிஃப் வருவார், விளையாடாதே.

மோர்ட்கேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்திடமுன் மூன்று நிறுவனங்களிடமும் உன் ரிப்போர்ட்டை இலவசமாக எடுத்துப் பார். உனக்குத் தெரியாத சிசிஜே ஏதாவது இருந்து, மாதமும் தாண்டியிருந்தால், என்244 படிவத்தில் தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்க வேண்டும். கட்டணமே 300 பவுண்டுக்கு மேல். நீ வேறு வீட்டில் இருந்ததற்கான வாடகை ஒப்பந்தமும் கவுன்சில் டாக்ஸ் பில்லும் தேவைப்படும். தெரிந்த அன்றைக்கே செய்தாயா என்று நீதிபதி பார்ப்பார், ஆகவே நாள் கடத்தாதே.

லாக்புக் இன்னும் உன் பழைய ஹரோ வீட்டு விலாசத்தில்தான் இருக்கிறதா என்று இன்றிரவு எடுத்துப் பார்த்து எனக்குப் படம் அனுப்பு.

அப்பா