மருந்துக்கடை பில் புத்தகமும் கிராம சபையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீராணம் ஏரிப் பாசனத்தில் 22 வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன். பூச்சிமருந்தை எங்கள் பக்கம் யாரும் பூச்சிமருந்து என்று சொல்வதில்லை, வெறும் மருந்துதான். ‘மருந்து அடிச்சாச்சா’ என்று கேட்டால் வயலைப் பற்றிய பேச்சு. ‘மருந்து குடிச்சிட்டாராம்’ என்றால் ஊரே எழுந்து ஓடும். இரண்டும் என் கடையிலிருந்து போன மருந்தாக இருக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் ஒரு நாள் ஏட்டு ஒருவர் கடைக்கு வந்தார். பக்கத்து ஊரில் ஒருவர் மருந்து குடித்து இறந்துவிட்டார், பில் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார். புரட்டினேன். என் கையெழுத்துதான். பெயர், ஊர், அளவு, தொகை. பயிர் என்ற கட்டத்தில் ‘நெல்’ என்று எழுதியிருந்தேன். அவரைக் கேட்டுத்தான் எழுதினேனா, கைப்பழக்கத்தில் எழுதினேனா என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஏட்டு பில் நம்பரைக் குறித்துக்கொண்டு போனார். அத்தோடு சரி. அந்தத் தாளை வைத்து யாரும் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷ ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேட்டேன்: “நம்ம ஊராட்சியில் இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் இப்படிப் போனார்கள், கணக்கு இருக்கா?” எரியாத தெருவிளக்குக்குக் கணக்கு இருந்தது, கம்பம் வாரியாக. இதற்கு இல்லை. “அது போலீஸ் விஷயங்க” என்றார்கள். போலீஸில் கேட்டால் ஆஸ்பத்திரியைக் காட்டுகிறார்கள். பிழைத்து வந்தவர்கள் வீட்டிலோ, கேஸாகிவிடும் என்று பயந்து ‘தெரியாமல் குடித்துவிட்டார்’ என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அப்போதிருந்து தனி அலுவலர்தான். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிறவரிடம் நான் எதைச் சொல்லி நிற்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. தற்கொலைகளைக் குறைக்கத் திட்டம் போட்டு நடத்துவது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது. 2030க்குள் 10 சதவீதம் குறைப்பது என்று 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டமும் வெளியிட்டது. அதே 2022ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். டெல்லியில் இலக்கு இருக்கிறது, சென்னையில் எண்ணிக்கை இருக்கிறது. எங்கள் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது.

2023 தொடக்கத்தில் 6 மருந்துகளை 60 நாள் விற்கக் கூடாது என்று மாநில அரசு உத்தரவு போட்டது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தில் மாநிலத்துக்கு இருக்கிற அதிகாரமே ஏறக்குறைய அவ்வளவுதான். நிரந்தரமாக நிறுத்துவது டெல்லியின் கையில். வியாபாரி வாயில் இது வருவது வேடிக்கையாக இருக்கும், ஆனால் மோசமான மருந்துகளை அடியோடு நிறுத்தினால் எனக்கு நஷ்டமில்லை, வேறு மருந்தை விற்பேன். இலங்கையில் 1990களிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே வந்தது, விளைச்சல் ஒன்றும் விழவில்லை.

டெல்லி செய்யும்வரை ஊரில் செய்யக்கூடியதும் உண்டு. அதை எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலேயே இரண்டு ஊர்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். தற்கொலைத் தடுப்புக்காக நடக்கிற சென்னை சிநேகா அமைப்பு 2010 வாக்கில் மருந்துக்கென்று பொதுக் கிடங்கு வைத்தது. ஆளுக்கொரு பெட்டி. சாவி ஒன்று விவசாயியிடம், இன்னொன்று கிடங்குப் பொறுப்பாளரிடம். வயலுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு, மீதியை வரும்போது வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த ஊர்களில் இந்த வகைச் சாவு குறைந்தது என்று ஆய்விலேயே எழுதினார்கள். இதே பெட்டியை வீட்டுக்கு வீடு கொடுத்தால் போதாதா என்றால், போதாது. இலங்கையில் அனுராதபுரம் பக்கம் 180 ஊர்களில் அப்படியும் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பெட்டி வீட்டில் இருந்தால் சாவியும் வீட்டில்தானே இருக்கும்? கிடங்கு என்றால் தெருவில் இறங்கி நடக்க வேண்டும், வழியில் நாலு பேர் ‘எங்கே போறே’ என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு என்ன பலம் என்று நான் பார்த்திருக்கிறேன். ஏட்டு வந்து போன சில மாதம் கழித்து, கடை அடைக்கிற நேரத்துக்கு ஒருவர் வந்தார். எனக்குப் பழக்கமானவர். மருந்தின் பெயரைச் சொன்னார், விலை கேட்கவில்லை. எங்கள் ஊரில் விலை கேட்காமல் யாரும் ஒரு தீப்பெட்டிகூட வாங்கமாட்டார்கள். “எந்த வயலுக்குண்ணே?” என்றேன். “நெல்லுக்கு” என்றார். அந்தப் போகம் அவர் நடவே இல்லை. “சரக்கு நாளைக்குத்தான் வருது, உட்காருங்க” என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் மச்சானுக்குப் போன் போட்டேன். இருவரும் ஒன்றும் பேசாமல் பைக்கில் போனார்கள். இப்போதும் கடைக்கு வருகிறார், யூரியா கடன் கேட்கிறார். அந்தப் பேச்சை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

இது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். முதல் ஆளிடம் நான் இதைக் கேட்கவில்லையே. அதனால் ஆளை நம்பாமல் ஏற்பாட்டை நம்பலாம் என்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காவல் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிற எண்ணிக்கையை, பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும், ஒன்றியக் கூட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருகிற பெண்களுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியும். பிழைத்து வந்தவர்களைப் போய்ப் பார்க்கிற பொறுப்பை முறையாக, சம்பளத்தோடு, அவர்களிடம் கொடுக்கலாம். கடைக்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். என் கல்லாவுக்கு மேலே மனசு உடைந்தவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கான 14416, 104 என்ற இரண்டு உதவி எண்களை நானே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு பேர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வரும் அக்டோபர் 2 கிராம சபைக்குக் கிடங்கு கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். பழைய நெல் கிடங்கு ஒன்று பூட்டியே கிடக்கிறது. கூரை ஒழுகாது, ஜன்னலுக்குக் கம்பி மட்டும் போட வேண்டும். பெட்டிகளுக்கான செலவில் பாதி என்னுடையது.

இப்படிக்கு,
உரக்கடைக்காரர் ஒருவர் (பெயர் வெளியிட வேண்டாம்),
கடலூர் மாவட்டம்.