பொன்னாடை வேண்டாம், ஓர் அறை வேண்டும்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மாநகராட்சிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும், திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007இல் அறிவித்தது. அன்று கட்டடங்களில் நீல விளக்கு எரியும். அரங்குகளில் கூட்டம் நடக்கும். பேச்சும் பழக்கமும் புலனுணர்வும் பிறவியிலேயே வேறுபட்டு அமையும் ஆட்டிசம் என்னும் நிலை உள்ள பிள்ளைகளைப் பெற்ற எங்களைப் போன்ற தாய்மார்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, தன்னலமற்ற அன்பின் வடிவம் என்றும் நடமாடும் தெய்வங்கள் என்றும் பேசுவார்கள். நானும் அப்படியொரு மேடையில் நின்றிருக்கிறேன். பேசியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஊரும் அரசும் பங்கிட்டுச் செய்ய வேண்டிய வேலை முழுவதும் அந்தத் துணியோடு சேர்த்து என் ஒருத்தியின் தோளில் போர்த்தப்படுவதாகவே எனக்குத் தோன்றியது. தெய்வத்திடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? எனவே, எங்கள் பிள்ளைகள் கை போன போக்கில் எதையாவது செய்து பார்க்க மாநகராட்சிப் பள்ளியில் ஓர் அறை வேண்டும் என்பதை, யாரும் கேட்காமலே சொல்லிவிடலாம் என்று இம்மடலை எழுதுகிறேன்.

தாயின் அன்பையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போடும் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக விரிவாக விவரிக்கப்பட்டது. அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தாய் பாசமற்று இருந்ததால்தான் பிள்ளை தன்னுள் ஒடுங்கிப்போனது என்னும் கருத்து மருத்துவ உலகில் செல்வாக்கோடு இருந்தது; அத்தகைய தாய்மாரைக் ‘குளிர்பதனப் பெட்டி அம்மாக்கள்’ என்றே குறிப்பிட்டார்கள். சிகாகோவில் குழந்தைகளுக்கான பள்ளியொன்றை நடத்திய புருனோ பெட்டல்ஹைம் இக்கருத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். காரணம் உடலியல் சார்ந்தது, வளர்ப்பு அன்று என்று 1964இல் அதை மறுத்து எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட் ஓர் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும்கூட. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் எங்கள் தெருவில், ‘கைக்குழந்தையாக இருக்கும்போது நீ அவளிடம் பேச்சுக் கொடுத்திருக்க மாட்டாய்’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்பு குறைந்ததால் வந்தது என்று பழித்தவர்களும் சரி, அன்பு மிகுந்தால் சரியாகிவிடும் என்று புகழ்பவர்களும் சரி, பொறுப்பைக் கொண்டுவந்து வைக்கும் இடம் ஒன்றுதான்.

என் மகளுக்குப் பதினொரு வயது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பேச்சு குறைவு. வெளியே போக வேண்டுமென்றால், மெட்ரோ ரயில் அறிவிப்பின் குரலை அப்படியே கொண்டுவந்து ‘அடுத்த நிலையம் திருவொற்றியூர் தேரடி’ என்பாள். கேட்ட தொடரை எடுத்துத் தன் தேவைக்குப் பயன்படுத்துவது ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் காணப்படும் வழக்கம். அவளுக்கு உயிரான பொருள் நைலான் நூல். காசிமேட்டில் கிழிந்த வலைகளைச் சரிசெய்யும் பெரியவர் ஒருவர், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், மிஞ்சும் துண்டு நூல்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தருவார். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று அவற்றை முதலில் பிரித்துக்கொண்டு, சன்னல் கம்பியின் அடியிலிருந்து மேலாகக் கட்டத் தொடங்குவாள். ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடையே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். இது வெறும் நிற வரிசை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் அருகில் உட்கார்ந்து கவனித்தபோதுதான், ஒவ்வொரு நூலையும் இழுத்துக் கட்டியபின் காதைக் கம்பியோடு ஒட்டிவைத்து, நகத்தால் மெல்லச் சுண்டிக் கேட்பது தெரிந்தது. ஓசை அவளுக்கு ஒப்பவில்லையென்றால் அவிழ்த்துவிட்டு, இடைவெளியை மாற்றி மீண்டும் கட்டுவாள். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் விழாவுக்குத் தெருவில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுபவள், இந்த நூல் எழுப்பும் சின்னஞ்சிறு ஓசைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிகிறாள். (எங்கள் தெருப் பிள்ளைகள் சென்ற ஆடியில் ஒலிபெருக்கியின் வாயை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டினார்கள். யாரும் கேட்காமல் செய்தது அது, சொல்லிவிட வேண்டும்.)

இதைப் பார்த்த சிகிச்சையாளர் ஒருவர், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் இது, குறைக்க வேண்டும் என்றார். இன்னொருவர், விரல்களுக்கு நல்ல பயிற்சி, நாளும் அரைமணி நேரம் செய்யவையுங்கள் என்றார். அவள் என்ன செய்கிறாள் என்று இருவருமே கேட்கவில்லை. மூன்றாவது வகையினரும் உண்டு: ஆட்டிசம் என்று சொன்ன உடனே ‘அப்படியென்றால் ஏதாவது தனித்திறமை இருக்குமே’ என்பவர்கள். ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றிப் பார்த்த நகரத்தை நினைவிலிருந்தே வரைந்துவிடும் லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரை அவர்கள் எங்கோ காணொளியில் பார்த்திருப்பார்கள். சிறு வயதில் பேச்சின்றி இருந்த அவர் இன்று உலகறிந்த கலைஞர் என்பது உண்மை, மகிழ்ச்சி. ஆனால் அத்தகையவர்கள் மிகச் சிலர். மற்றப் பிள்ளைகள் உலகறிய வேண்டியதில்லை. அவர்கள் கை போன போக்கில் ஒன்றைச் செய்ய இடமிருந்தால் போதும். மேசையைத் தட்டிக் கானா பாடியவரிடம் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்காத வடசென்னையில் இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக் கூடாது.

ஒரு கண்காட்சிக்கு மகள் கட்டியதை மரச்சட்டத்தோடு கொடுத்திருந்தோம். போய்ப் பார்த்தபோது, தொங்கிக்கொண்டிருந்த நூல் முனைகளை யாரோ ஒரே அளவாக வெட்டி, நடுவில் ஒரு காகிதப் பூவை ஒட்டி, கீழே என் பெயரை எழுதி, ‘ஒரு தாயின் தவம்’ என்று தலைப்பும் இட்டிருந்தார்கள். மகள் அதன் அருகே போய் ஒரு நூலைச் சுண்டினாள். பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. வெட்டியவர் நல்ல மனத்தோடுதான் வெட்டியிருப்பார். ஆனால் பிள்ளை செய்ததைப் பிள்ளையின் பெயரில் வைக்கக்கூட, தாயின் தியாகத்தைப் பற்றிய இந்தப் பேச்சு இடம் கொடுப்பதில்லை.

சட்டம் இவ்வகையில் எங்களுக்குத் துணையாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 31ஆம் பிரிவு, 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அடிக்கடி மறக்கப்படுவது 29ஆம் பிரிவு. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்கு இணையாகப் பங்குகொள்ளும் உரிமையை அது மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதிசெய்கிறது. அதற்கான நடவடிக்கைகளை எடுக்கும் பொறுப்பை அரசின்மீது மட்டுமன்றி உள்ளாட்சி அமைப்புகளின்மீதும் வைக்கிறது. உங்களுக்கு இம்மடலை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நாங்கள் கேட்பது, ஆறு மண்டலங்களிலும் மண்டலத்திற்கு ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஓர் அறை. சனிக்கிழமைகளில் மூன்று மணி நேரம். புதுக் கட்டடம் வேண்டாம். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்டபின், இப்பக்கத்தில் பல பணிகள் நடந்து வருவதைப் பார்க்கிறோம். இளைஞர்கள் படிக்கவும் பணிபுரியவும் கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்றவை எங்களுக்கும் பெருமைதான். அத்திட்டங்களுக்கு நடுவே இவ்வறைக்கு ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாது. மினுக்கும் குழல்விளக்கை மாற்ற வேண்டும்; இரையும் மின்விசிறியைச் சரிசெய்ய வேண்டும்; கழிப்பறையின் தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். களிமண், நூல், பழைய அட்டைப்பெட்டி, தட்டினால் ஓசை வரும் பாத்திரங்கள் போன்றவற்றை நாங்களே சேர்த்துத் தருகிறோம். சிறப்பாசிரியர்கள்மீது இன்னுமொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை உச்ச நீதிமன்றம் 2021இல் குறிப்பிட்டதை அறிவோம், அதைக் கேட்டு வேறொரு மடல் எழுதுவோம். பெரியமேட்டருகே, 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களில் விருப்பமுள்ளவர்களை அனுப்பிவைக்கும்படி நீங்கள் ஒரு கடிதம் எழுதினால், அவர்கள் வருவார்கள் என்றே நம்புகிறேன். அவர்கள் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வரட்டும். மதிப்பெண், பரிசு, முன்னேற்ற அறிக்கை எதுவும் வேண்டாம்.

அந்த மூன்று மணி நேரமும் தாய்மார்கள் அறைக்கு வெளியே இருப்போம். எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். நான் தையல் வேலை செய்கிறவள். ஒரு காலத்தில் புதுப்புது மாதிரியில் சட்டை வெட்டுவேன், இப்போது ஓரம் அடிப்பதோடு சரி. எனக்கும் கை உண்டு, எனக்கும் செய்து பார்க்கத் தோன்றும். தன்னலமே இல்லாமல் கரைந்துபோன ஒருத்தியிடமிருந்து பிள்ளைக்கு நாள் முழுதும் கிடைப்பது பெரும்பாலும் களைப்பு. ஆனால் அதைவிட முதன்மையான காரணம் வேறு. எங்களில் யாரைக் கேட்டாலும், ‘எனக்குப் பிறகு யார்’ என்ற கேள்விதான் இரவில் தூக்கத்தைக் கெடுப்பதாகச் சொல்வார்கள். 18 வயதுக்குப் பின் சட்டப்படி ஒரு காப்பாளரை அமர்த்திக்கொள்ள 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அவள் எப்போது பசியில் இருக்கிறாள், எப்போது பயத்தில் இருக்கிறாள், ‘அடுத்த நிலையம்’ என்றால் என்ன பொருள் என்பதையெல்லாம் காப்பாளர் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. அவளோடு கூட உட்கார்ந்து பழகிய பத்துப் பேர் இந்தப் பகுதியில் இருக்க வேண்டும். நூல் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மற்றவர்களை அவள் எங்கே சந்திப்பாள்?

விழா வைத்துத் திறக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பட்டாசும் ஒலிபெருக்கியும் இருந்தால், யாருக்காகத் திறக்கிறீர்களோ அவர்களே உள்ளே வரமாட்டார்கள். ஆறு மண்டலங்களிலும் ஒரே நேரத்தில் இயலாதென்றால், வரும் கல்வியாண்டில் ஒரு பள்ளியில் தொடங்குங்கள். எந்தப் பள்ளி, சாவி யாரிடம் இருக்கும் என்பதை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால், பெற்றோர்களாகிய நாங்களே வந்து அறையைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் வாழும் ஒரு தாய்