சாஃப்ட்னருக்கு உப்பு போடுங்கள், கமிட்டிக்காரர்களே

நம் அபார்ட்மெண்ட் கமிட்டியில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். மூன்றாவது மாடியிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் எங்கள் வீட்டு கீசர் இரண்டாவது முறையாகப் போய்விட்டது, வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மெக்கானிக் தம்பி தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே எடுத்தபோது சுண்ணாம்பில் முக்கி எடுத்த முறுக்கு மாதிரி இருந்தது; ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டு தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் ஆனோட் ராடைக் காட்டினார். டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் அரிபடும் மெக்னீசியத் தண்டு அது. நடுவிலிருந்த மெல்லிய கம்பிதான் மிச்சம். "போர் தண்ணியா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வேறென்ன? 2024 அக்டோபரில் பெங்களூரில் காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்த பிறகு நம் பக்கமும் குழாய் வந்தது, சரி, ஆனால் வருகிற காவிரி போதாமல் மீதிக்கு போரும் டேங்கரும்தான், எல்லாம் ஒரே சம்பில். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரம். அது குடிக்கிறவர்களுக்கான கணக்கு, கீசருக்கு இல்லை. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருப்பது சுண்ணாம்பாகப் பிரிந்து, சூடு அதிகமான இடத்தில், அதாவது காயில் மேலேயே படிகிறது. கம்பளி போர்த்திய மாதிரி சூடு உள்ளேயே நின்று காயில் ஒருநாள் எரிந்துபோகிறது. 60 டிகிரிக்கு மேல் வைத்தால் இன்னும் சீக்கிரம். நம் ஊர் ஜனவரி விடியலில் 15 டிகிரி, தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது, எல்லோரும் திருகைக் கடைசிவரை திருப்பிவிடுகிறோம் (நானும்தான்). சென்னையில் அம்மா வீட்டில் மே மாதம் கீசர் பக்கமே போக மாட்டார்கள், இங்கே பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது.

பேஸ்மெண்ட்டில் நிற்கிறதே, கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர், அதிலிருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவாவிட்டால் சாஃப்ட்னர் வெறும் டிரம். உப்பு மூட்டைச் செலவைக் குறைத்ததாகப் போன பொதுக்குழுவில் சொன்னீர்கள், நானும் கைதட்டினேன். அந்தச் செலவு இப்போது ஒவ்வொரு வீட்டு பாத்ரூமிலும் காயிலாக வந்து நிற்கிறது.

உப்பு வாங்குங்கள். செக்யூரிட்டி பக்கத்துப் பலகையில், டேங்கர் எண்ணிக்கை எழுதுகிற இடத்துக்குக் கீழே, வாரம் ஒருமுறை கடினத்தன்மை எவ்வளவு என்றும் எழுதச் சொல்லுங்கள். அதற்காகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடவும் வேண்டாம், ரொம்ப மென்மையான தண்ணீரும் ஆனோட் ராடைத் தின்றுவிடும்.

உதிர்ந்த சுண்ணாம்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், முக்கால் பாட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன்.